குவான்டிடேட்டிவ் சைக்காலஜி பிஎச்டி: இடம் தேடிய அனுபவம்

உளவியல் படித்தவர்களில் பலர் புள்ளியியல் தாளை எப்படியாவது தாண்டினால் போதும் என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. மனச்சோர்வை அளப்பதாகச் சொல்லும் ஒரு கேள்வித்தாள் நிஜமாகவே அதைத்தான் அளக்கிறதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும் என்று தெரிந்ததும், பிஎச்டி குவான்டிடேட்டிவ் சைக்காலஜியில்தான், அதாவது உளவியலுக்கான அளவீட்டு, புள்ளியியல் முறைகளை ஆராயும் துறையில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

தேட ஆரம்பித்தால், இந்தத் துறை ஒரே இடத்தில் இல்லை. அமெரிக்காவில், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்குள் இருக்கிறது. அங்குள்ள தர்ஸ்டன் உளவியல் அளவீட்டு ஆய்வகம் 1952இல் தொடங்கியது. ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கு நெருக்கமான வேலை கல்வியியல் பக்கம் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உளவியல் முறையியல் குழு என்று இருக்கிறது. புள்ளியியல் கணக்குகளுக்கான ஜாஸ்ப் மென்பொருள் அந்தப் பல்கலைக்கழகத்தில் உருவானதுதான். உளவியல் துறைப் பட்டியலை மட்டும் பார்த்தால் பாதி இடங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

தரவரிசைப் பட்டியல்களை ஓரமாக வைத்துவிட்டேன். இவ்வளவு சிறிய துறைக்கு அவை உதவாது. அதற்குப் பதிலாகச் சைக்கோமெட்ரிகா (1936 முதல் வரும் இதழ்), சைக்காலஜிக்கல் மெத்தட்ஸ் போன்றவற்றின் சமீபத்திய இதழ்களைப் புரட்டினேன். எந்தக் கட்டுரையைப் புரியாவிட்டாலும் விடாமல் படிக்கத் தோன்றுகிறது என்று பார்த்தேன். ஐஆர்டி, அதாவது ஒவ்வொரு கேள்வியின் கடினத்தையும் பதில் சொல்பவரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்கும் முறை, அதில் மனம் நிற்கவில்லை. ஒரே ஆளை நாள்தோறும் பல முறை அளந்து வரும் தரவுகளில்தான் நின்றது. பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கியது. எழுதியவர்களில் மாணவர் பெயர் முதலில் வரும் கட்டுரைகள் எங்கிருந்து அதிகம் வருகின்றன என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் மின்னஞ்சல்கள். பேராசிரியர்களிடம் முதலில் கேட்டது, இந்த ஆண்டு புது மாணவரை எடுக்கிறீர்களா என்பதுதான். இந்தப் பிரிவுகளில் பெரும்பாலும் நாலைந்து பேராசிரியர்களே இருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்றாலும் பிரிவின் முகமே மாறிவிடும். மாணவர்களிடம் வேறு கேள்வி: வழிகாட்டி போய்விட்டால் உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? சிலர் உடனே இரண்டு பெயர் சொன்னார்கள். ஒரு இடத்தில் பதிலுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பை நான் பெரிய தகவலாகவே எடுத்துக்கொண்டேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: அமெரிக்காவில் பிஎச்டிக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும், கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலைக்கு உதவித்தொகையும் கிடைக்கும். முதுகலைக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது.

கடைசியில் இரண்டு இடங்கள் கையில் இருந்தன. ஒன்றில் பெரிய பெயருள்ள ஒரே ஒரு வழிகாட்டி. மற்றதில் பெயர் சிறியது. ஆனால் எனக்குப் பிடித்த வேலையைச் செய்பவர்கள் மூன்று பேர், கூடவே புள்ளியியல் துறையில் முதுகலையும் முடிக்கும் வசதி. இரண்டாவதை எடுத்தேன். உதவித்தொகையுடன் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. அதுவரை இழுக்காமல் முதல் இடத்துக்கு மறுப்பு எழுதிவிட்டேன்; காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாருக்காவது அது போகட்டும்.