ஏழு சிமிட்டல்கள்

இன்று காலை கல்லடியில் மழை விட்ட நேரம், மேசையிலிருந்த ராஸ்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினியின் பச்சை விளக்கு ஏழு முறை சிமிட்டி, சற்று நின்று, மீண்டும் ஏழு முறை சிமிட்டியது.

திரையில் ஒன்றும் வரவில்லை.

சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்ததால், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்பது தெரிந்தது. பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டினால் தொடக்க நிரற்கோப்பு இல்லை என்று பொருள். ஏழு முறை என்றால் மெமரி கார்டில் இருக்கவேண்டிய கேர்னல் கோப்பை, அதாவது இயங்குதளத்தின் கருவை, காணவில்லை. இந்த மாதிரியில் முதல் தொடக்க நிரல் பலகையிலுள்ள, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரோம் நினைவகச் சில்லிலேயே இருப்பதால், மெமரி கார்ட் பழுதானாலும் விளக்கு பேசுகிறது.

நேற்றிரவு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் தடைப்பட்டது.

கார்டை மடிக்கணினியில் இட்டுப் பார்த்தபோது, கேர்னல் கோப்பு பூச்சிய அளவில் கிடந்தது. அதே பதிப்பை இன்னொரு கார்டிலிருந்து பிரதிசெய்தேன். வானவில் நிறத் திரை தோன்றி, கணினி எழுந்தது.

கணினி எழாவிட்டால் உடனே கார்டை அழித்துப் புதிதாக எழுதுவதே இங்கு பலரின் வழக்கம். அது எனக்கு வருத்தமளிக்கிறது. என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் சிமிட்டல்களை எண்ணவே சொல்லிக்கொடுக்கிறேன்.

வாவிக்கரையில் இரண்டு மாதமாகச் சேகரித்த வெப்பநிலைப் பதிவுகள் அந்தக் கார்டில் அப்படியே இருந்தன.