யாழ்ப்பாணத்தில் ஒரு 304 ராத்திரி

யாழ்ப்பாணம் போய் வந்த செலவுக் கணக்கை வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். எழுதிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் 4 மணி நேரம், கடல் அடங்கிக் கிடந்தால் சுகம். தங்குமிடத்தில் ஏசி வேண்டாம் என்று சொல்லுங்கள், பாதிக் காசு மிச்சம். கோட்டையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், நிழல் கிடையாது. நல்லூர்க் கோயிலைப் பற்றி எழுதாத ஆளே இல்லை. சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்: 304 என்கிற சீட்டாட்டம்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மச்சான், யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே இருக்கும் வடமராட்சிப் பக்கத்துக்காரர். "பின்னேரம் சும்மாதானே இருக்கிறியள், எங்கட வாசிகசாலைக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினோம். நிற்கவே இடமில்லாத வண்டியில் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் பத்துப் பேரை ஏற்றினார் நடத்துநர். தலைக்கு மேலே ஸ்பீக்கர் வேறு. ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டிய காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வாசிகசாலை என்று அவர் சொன்ன சனசமூக நிலையம் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. காலையில் உதயன், வலம்புரி பேப்பர்கள் விரித்துக் கிடக்கும் நீள மேசை. சாயந்திரமானால் பேப்பர்களை மடித்து வைத்துவிட்டு அந்த இடத்தை விளையாட்டு எடுத்துக்கொள்ளும். உள்ளே பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே மாமரத்தடியில் ஒரு குண்டு பல்ப், ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். காசு வைத்து ஆடக் கூடாது என்பது கண்டிப்பு. எனக்கு அதுதான் முதல் நிம்மதி, பர்ஸ் இருந்த நிலைமை அப்படி.

"எவ்விடத்தால வாறியள்?" என்றார் ஒரு பெரியவர். நாகர்கோவில் என்றேன். "அது உதில கிட்டத்தானே! ஆற்ற மகன்?" என்றார், யாருடைய மகன் என்று கேட்கிறார். வடமராட்சி கிழக்கில் அவர்களுக்கும் ஒரு நாகர்கோவில் இருக்கிறது. இந்தியா நாகர்கோவில் என்று விளங்கியதும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது.

304 தெரியாதவர்களுக்கு: 7 முதல் ஆஸ் வரை 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் சும்மா. ஒரு ஜாதிக்கு (இஸ்பேட், கிளாவர் மாதிரி) 76, நாலு ஜாதிக்கும் சேர்த்து 304. எங்கள் ஊர்ப்பக்கம் ஆடும் இருபத்தெட்டின் அண்ணன்தான் இது. அங்கே ஜாக்கி 3, ஒன்பது 2 என்று சில்லறையாக எண்ணுவோம், இங்கே எல்லாம் நோட்டுக் கட்டு. ராஜாவை ஜாக்கி அடிக்கும் இந்த ஏற்பாடு டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ் சீட்டாட்டத்திலும் உண்டு, ஆனால் துரும்பு ஜாதியில், அதாவது மற்ற ஜாதிகளை வெட்டும் ஜாதியில் மட்டும். 1658 முதல் 1795 வரை அவர்கள் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள், சீட்டும் அவர்களோடு வந்திருக்கலாம் என்பார்கள். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை மண்டியிட வைத்த சீமைக்காரன் நான். இவர்களிடம் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை.

முதலில் நாலு சீட்டு, அதை வைத்தே எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். 160-இல் தொடங்கும். கையில் ஒன்றுமில்லையென்றால் "பார்ட்னர்" என்று சொல்லிக் கேட்கிற பொறுப்பைக் கூட்டாளி தலையில் கட்டலாம். கூட்டாளி கேட்டதற்கு மேலே நாமே ஏற்றினால் 200-க்குக் குறையக் கூடாது. கேள்வியை எடுத்தவர் துரும்பை மேசையில் கவிழ்த்து வைப்பார், அது என்ன ஜாதி என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முதலில் இறங்கிய ஜாதி கையில் இல்லாதவர்களும் சீட்டைக் கவிழ்த்தே போடுவார்கள். கேள்விக்காரர் எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் திறந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூடியபடியே போய்விடும். இந்த ஒரு விதிக்காகவே இருபத்தெட்டைவிட இது மேல் என்பேன். ஊரில் அடிக்க வந்தாலும் சரி.

என் கூட்டாளி ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லாருக்கும் அவர் "மாஸ்டர்". எதிரே அந்தப் பெரியவரும் ஒரு வங்கிக்காரரும். பெரியவர் நாலு பிடி (நாலு பேரும் ஒரு சுற்றுப் போட்டால் ஒரு பிடி) முடிவதற்குள் மிச்சச் சீட்டு யார் யார் கையில் என்று கணக்குப் போட்டுவிடுகிறார். ஐந்தாவது பிடியில் "மிச்சம் எல்லாம் எங்கட" என்று கையை விரித்துவிட்டு எழுந்து வெற்றிலை துப்பப் போகிறார். சரிபார்த்தால் சரியாகவே இருக்கிறது. எரிச்சலாக வந்தது, ரசிக்காமலும் இருக்க முடியவில்லை.

இடையில் பிளேன்டீ, அதாவது பால் விடாத சாயத் தண்ணி வந்தது, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. கட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தைக் குடிக்க வேண்டும். பிறகு பருத்தித்துறை வடை, தட்டையாக, மொறுமொறுவென்று, காரம் நாக்கில் நிற்கிறது. முந்தின நாள் நகரத்து ஓட்டல் ஒன்றில் பில்லைப் பார்த்துப் பசி போன கதைக்கு இந்த மரத்தடி நல்ல பதில். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்கள்.

கடைசி ஆட்டம். கிளாவர் ஜாக்கி, ஒன்பது, எட்டு, இஸ்பேட் ஜாக்கி. இதற்கு மேல் என்ன வேண்டும்? 170 என்றேன். பெரியவர் 190 என்றார். 200 என்றேன். கூட்டம் கிட்ட நெருங்கியது. கிளாவர் எட்டைக் கவிழ்த்தேன். அடுத்த நாலு சீட்டில் ஒரு பத்துகூட இல்லை, ஏழும் எட்டும் ராணியும்தான். மாஸ்டர் தன்னால் ஆனதைக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் 192. 200 கேட்டுத் தோற்றதற்கு, வெற்றி தோல்விக் கணக்குக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் மூன்று போயிற்று. ஐந்து நிமிஷம் மாஸ்டர் என் பக்கமே பார்க்கவில்லை.

மணி ஒன்பதாகிவிட்டது, பஸ் இல்லை. வந்த ஆட்டோக்காரர் யாழ்ப்பாணத்துக்கு 6000 கேட்டார், நம் காசில் 1700 சொச்சம்! மாஸ்டர் எழுந்து வந்தார். "வெளியூர்ப் பெடியன் எண்டா வாயில வந்ததைக் கேக்கிறதோ?" என்று ஒரு அதட்டு. ஆட்டோக்காரர் 3000-க்கு இறங்கினார். அதுவும் கூடுதல்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். வண்டி வல்லை வெளியைத் தாண்டும்போது ஆட்டோக்காரரே வாயைத் திறந்தார்: "அண்ணை, நான் பின்னால நிண்டு பாத்தனான். எட்டைக் கவிட்டிருக்கக் கூடாது, ஒம்பதைக் கவிட்டிருக்கோணும். முதல் வெட்டிலயே இருவது வந்திருக்கும்." எட்டுதான் சரி, ஒன்பது கையில் இருந்தால்தான் பிடி நம் வசம் என்று நானும் விடவில்லை. கோப்பாய் வந்தும் முடியவில்லை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இன்னும் பத்து நிமிஷம் சண்டை போட்டோம்.