சுவாமிமலையின் 60 படிகள்: பார்க்கின்சனோடு எட்டு மாதப் பயிற்சி

சுவாமிமலைக் கோயிலுக்கு 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை, தமிழ் வருடம் ஒன்றுக்கு ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் அதன் வருடப் பெயர் எழுதியிருக்கும். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. 2024 டிசம்பரில் போனபோது கீழே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

படியைவிட என்னை வருத்தியது வழியில் நடந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவரே, எங்கே?" என்றார். "சுவாமிமலை" என்றேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை என் மனைவியிடம் திரும்பி, "ஐயாவுக்குக் காது கேட்காதா அம்மா?" என்றார். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. குரல்தான் உதட்டைத் தாண்டவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். முகத்தில் அசைவு குறைந்து, குரலும் தாழ்ந்துவிட்டால் எதிரில் இருப்பவர் நம்மை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுக்கப் போனபோதும் என் பெயரை என் மனைவியிடம்தான் கேட்டார்கள்.

அன்று இரவு டைரியில் இரண்டு வரி எழுதினேன். அறுபது படியும் ஏற வேண்டும். டிக்கெட்டை நானே கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு நோயின் பெயர் தெரிந்தது 2021இல், 67 வயதில். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை 'நடுக்குவாதம்' என்ற பொருளில் பெயரிட்டு எழுதியதால், கை நடுங்குவதுதான் நோய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு நடுக்கம் சிறு தொல்லை. வலது கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், எதையாவது எடுக்கப் போனால் அடங்கிவிடும். பெரிய தொல்லை வேறு. உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, யோசிக்காமல் நடந்துவந்த காரியங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன. கை வீசி நடப்பது, கண் இமைப்பது, எச்சில் விழுங்குவது, கூட்டத்தில் குரலை உயர்த்துவது எல்லாம் அப்படித்தான். என் பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். முதல் நாளே அவர் சொன்னார்: "சார், தானாக வந்தது இனி தானாக வராது. நீங்கள் கூப்பிட்டால் வரும்." இந்த எட்டு மாதமும் நான் செய்தது இப்படிக் கூப்பிட்டுப் பார்த்ததுதான்.

ஜனவரி முதல் வாரம் அளவெடுத்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார வேண்டும். பேரன் கைப்பேசியில் நேரம் பார்த்தான்: 19 விநாடி. கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ 22 விநாடி. ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுத்தது 7 விநாடி. மூன்றையும் காலண்டரின் பின்பக்கம் எழுதி மாட்டினோம்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குச் சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் நன்றாக நடந்து வருவேன். நிலைப்படியைக் கண்டதும் பாதம் தரையில் பசை போட்டதுபோல் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னே சாயும். விழுவது இந்த இடத்தில்தான். தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வாசலின் இருபுறமும் ஆறு கோடுகள். கோட்டைத் தாண்ட வேண்டும் என்று நினைத்தால் கால் தூக்கிக்கொண்டு போகிறது. 'நடக்க வேண்டும்' என்று நினைத்தால் போவதில்லை. முதல் நாள் அதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால் கெட்டுப்போகவில்லை என்று அன்றுதான் நம்பினேன்.

ஆனால் வீதியெல்லாம் டேப் ஒட்ட முடியாது. அதற்குத் தாளம் உதவும் என்றார்கள். கைப்பேசியில் டிக் டிக் என்று அடிக்கும் செயலி ஒன்றைப் போட்டு ஒரு வாரம் நடந்தேன். அதன் பின்னால் நான் ஓடுவது போலிருந்தது. பத்து வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். கை மறந்துவிட்டது, வாய் மறக்கவில்லை. மொட்டைமாடியில் ஒருநாள் 'தகதிமி தகஜொணு' என்ற மிருதங்கச் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். 'த'வுக்கு இடது கால், 'தி'க்கு வலது கால். வேகத்தை நானே வைத்துக்கொண்டேன். எட்டு அடி, பதினாறு அடி, மாடியின் மறுகோடிக்கே போய்விட்டேன். கை சற்றே வீசியதாக மனைவி சொன்னார்.

நடந்துகொண்டே பேசக்கூடாது, கையில் டம்ளரோடு நடக்கக்கூடாது என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படும் பாடம். ஒரு வேலையில் கவனம் போனால் மற்றது தடுமாறும். அப்படியிருக்க, சொற்கட்டு எப்படி ஒத்துப்போகிறது? பேச்சு தனி வேலை. சொற்கட்டில் எழுத்தும் அடியும் ஒன்றேதான். வாய் முன்னே போய்க் காலைக் கூட்டிச் செல்கிறது. கால் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பதற்றமில்லை: உடனே நின்று, இடம் வலமாக இரண்டு முறை அசைந்து, ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வாயில் மட்டும் சொல்லி, அடுத்த 'த'வில் காலை எடுப்பேன். இதைக் காலை 20 நிமிடம், மாலை 10 நிமிடம் செய்தேன்.

பிப்ரவரி 18 அன்று விழுந்தேன். அழைப்பு மணி அடித்தது, சட்டென்று திரும்பினேன், கால்கள் பின்னிக்கொண்டன. முழங்கையில் சிராய்ப்பும் இடுப்பில் ஒரு வார வலியும். அதன் பிறகு திரும்புவதைத் தனிப் பாடமாகவே எடுத்தோம். கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, 12இலிருந்து 3, 3இலிருந்து 6 என்று இரண்டு பாதத்தையும் எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். குதிகாலில் சுழலக்கூடாது. இடம் இருந்தால் மாட்டுவண்டி திரும்புவது போல அகலமாக வளைந்து வரலாம். மணி அடித்தால் இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே "வருகிறேன்" என்று குரல் கொடுக்கிறேன்.

அந்தக் குரலைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் லீ சில்வர்மன் என்ற பெண்ணுக்குப் பார்க்கின்சன் வந்து பேச்சு புரியாமல் போனது. அவருக்காக 1987 வாக்கில் லொரெயின் ராமிக் உள்ளிட்டோர் வகுத்த பயிற்சி அவர் பெயராலேயே வழங்குகிறது: வாரத்துக்கு நான்கு நாள், நான்கு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம். அதில் உதடு இப்படி, நாக்கு அப்படி என்று பத்து விதி இல்லை. உரக்கப் பேசு என்ற ஒன்றுதான். அந்த முறையைத் தழுவிய பயிற்சியைச் சென்னையிலிருக்கும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வீடியோவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாம் நாள், "எதிர்வீட்டு மாடியில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்" என்றார். கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும் என்று கூசிப்போனேன். அவர் பதிவைப் போட்டுக் காட்டினார். அது ஒரு மனிதன் சாப்பாட்டு மேசையில் பேசும் குரல். ஓட்டை அங்கேதான் இருந்தது. குரல் தாழ்ந்தது எனக்குத் தெரியவில்லை, சரியான குரலோ கத்துவது போலக் கேட்கிறது. அளவுகோலே உள்ளே சுருங்கிவிட்டது. அதைத் திருத்தத்தான் அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது. வீட்டில் எனக்கும் மனைவிக்கும் ஒரு சைகை உண்டு: நான் முணுமுணுத்தால் அவர் பதில் சொல்லாமல் உள்ளங்கையை மேலே உயர்த்துவார். முதல் வாரம் கோபம் வந்தது. இப்போது அந்தக் கை உயரும் முன்பே குரல் உயர்கிறது.

படிக்க எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்தபோது அறுபது வருடப் பெயர்களே நினைவுக்கு வந்தன. பேச்சுப் பயிற்சிக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. பிரசோற்பத்தி, வெகுதானிய, ஹேவிளம்பி, ருத்ரோத்காரி: மெல்லச் சொன்னால் குழைந்து போகும், உரக்கச் சொன்னால்தான் எழுத்து நிற்கும். தொடக்கத்தில் ஒரு மூச்சுக்கு மூன்று பெயர், மூன்றாவது காற்றாகிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். வெட்கப்படாமல் அப்படியே செய்தேன். ஏப்ரலில் ஒரு மூச்சில் நான்கு பெயர், நான்கும் சமமாக வந்தன. சித்திரை முதல் நாள் விசுவாவசு பிறந்தபோது பஞ்சாங்கத்தை வீட்டார் கேட்க நான்தான் படித்தேன்.

மாத்திரையின் நேரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி முழுவதும் அதன்மேல் நிற்கிறது. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்பு போடச் சொன்னார் மருத்துவர். பருப்பு, பால் போன்ற புரத உணவு அது உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நான் அதுவரை காலைப் பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு மாற்றிய பிறகு, போட்ட முக்கால் மணியில் உடம்பு இளகுவது தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் நடை, படி எல்லாம். பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடச் சொல்லி இரண்டு பேர் அக்கறையோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937இலேயே அதைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மருத்துவர் வேண்டாம் என்றார். மாத்திரையோடு அதே மருந்து அளவு தெரியாமல் இன்னொரு பங்கு உள்ளே போய்விடும்.

மே கடைசியில் 19 விநாடி 14 ஆகியிருந்தது. 'ஆ' 13 விநாடி. ஜூனில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தேன். எழுந்தபோது மறுபடி 18. எல்லாம் வீண் என்று டேப்பையெல்லாம் பிய்த்தெறியச் சொன்னேன். மனைவி பிய்க்கவில்லை. தொற்று வந்தால் இந்த நோயின் அறிகுறிகள் கொஞ்ச நாளைக்கு ஏறும், பிறகு இறங்கும் என்று மருத்துவர் விளக்கினார். மூன்று வாரத்தில் 15க்கு வந்தது.

ஜூலை முழுவதும் கடைத்தெரு. மனைவிக்கு ஒரே வேண்டுகோள்: எனக்காகப் பதில் சொல்லாமல், மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவருக்கு அது என் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது, பையின் வாயை முறுக்கிக்கொண்டே நிற்பார். நான் கடைக்கு முன் நின்று, மூச்சு எடுத்து, முதல் சொல்லிலேயே முழுக் குரலையும் போடுவேன்: "அரைக் கிலோ கத்தரிக்காய்." திணறினால், "எனக்குப் பார்க்கின்சன் இருக்கிறது, பேச்சு மெதுவாக வரும், கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுவேன். நான்கு ஆண்டு மறைத்த சொல் அது. சொன்னவுடன் யாரும் விலகவில்லை. ஒரு பூக்காரம்மா தன் அண்ணனுக்கும் இதே நோய் என்று சொல்லி, அவர் எப்படி நடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பூக்கடை வாசலில் நின்று இரண்டு ஆவர்த்தனம் சொல்லிக் காட்டினேன்.

ஆகஸ்டில், கிருத்திகைக் கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை காலை, மாத்திரை போட்ட பிறகு பஸ் ஏறினோம். மனைவி ஜன்னலோரம், பேரன் பின்னால். கண்டக்டர் வந்தார். "சுவாமிமலை, மூன்று பேர்" என்றேன். அவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கொடுத்தார், பணத்தை வாங்கினார், அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். மனைவி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சமதரையில் ஒட்டிக்கொள்ளும் கால்கூடப் படியில் ஏறிவிடும். ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு கோடு. வீட்டு மாடிப்படியில் செய்ததையே செய்தேன்: படியில் இரு பாதமும் வைத்து நின்று, பெயரை முழுதாகச் சொல்லி முடித்து, பிறகே அடுத்த கால். இங்கே இரண்டையும் கலக்கக்கூடாது. பேரனின் தோள் என் இடது கையில். மனைவி ஒரு படி கீழே. பிரபவ, விபவ, சுக்கில... பத்தாவது 'தாது'வில் நின்று மூச்சு வாங்கினேன். 28ஆவது ஜய, நான் பிறந்த வருடம். பேரன் அந்தப் படியில் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். 35ஆவது பிலவ. நோயின் பெயர் தெரிந்த வருடம். அந்தப் பெயர் வாயிலிருந்து பாதிதான் வந்தது. கீழே நின்றவரின் உள்ளங்கை உயர்வதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மறுபடி மூச்சு எடுத்து, "பிலவ" என்றேன். மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று வழிவிட்டது. 39ஆவது விசுவாவசு, படி ஏறிய அந்த வருடம். அதன்பின் கால் கனத்தது, பெயர்கள் கனக்கவில்லை. அட்சயவில் நின்றபோது 34 நிமிடம் ஆகியிருந்தது.

இறங்கும்போது பெயர் சொல்லவில்லை. இறக்கம்தான் எங்களைப் போன்றவர்களை முன்னே தள்ளும். வாயை மூடிக்கொண்டு, காலை மட்டும் பார்த்து, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று இறங்கினேன். பேரன், "அடுத்த முறை தலைகீழாகச் சொல்லிக்கொண்டே இறங்கலாம், தாத்தா" என்றான். பிசியோதெரபிஸ்ட் இன்னும் அனுமதி தரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அட்சயவிலிருந்து பின்னோக்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இன்று காலை காளயுக்தி வரை வந்தது.