எந்த வேலைக்குக் காசு?

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் நிற்குமா என்று யார் கேட்டாலும் நான் வருஷக்கணக்காக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். அடியில் இருப்பது கெட்டியாக இருந்தால் நிற்கும். அது பொய்யில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கோரிப்பாளையம் பக்கம் ஒரு டீச்சர் வீட்டில் பாத்ரூம் வேலை பார்த்த பிறகு, அதைச் சொல்ல முன்பு இருந்த தைரியம் வருவதில்லை.

டீச்சர் ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுக்காரர் சாருக்குப் பக்கவாதம் வந்து, பாத்ரூமை ஒட்டிய அறையில்தான் கட்டில் போட்டிருந்தார்கள். உடைத்து எடுப்பதென்றால் உளிச் சத்தமும் தூசியும் அவர் தலைமாட்டில்தான். அதோடு அது நாலரை இஞ்ச் சுவர். உள்ளே பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ஓடுகிறது. சுத்தியல் அதிர்ச்சியில் பைப் இணைப்பு விட்டுக்கொண்டால் ஒரு வேலை மூன்று வேலையாகிவிடும். மேலேயே ஒட்டிவிடலாம் என்று சொன்னது நான்தான். அந்த வீட்டுக்கு அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்போது டீச்சர் கேட்டார்: "விழாதுன்னு எழுதித் தருவீங்களா தம்பி?"

"நான் ஒட்டுறதுக்கு எழுதித் தர்றேன் டீச்சர். பழைய டைல்ஸ் சுவரை விட்டு வந்துச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

"பழைய டைல்ஸ் மேலதான ஒட்டப் போறீங்க? அப்ப எந்த வேலைக்குக் காசு வாங்குறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் கணக்கில் விட்டுப்போன படியைக் கேட்பது போலத்தான் கேட்டார். நான் பசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அது நன்றாகவே பேச வரும். வழவழப்பான டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் அதில் பிடிக்காது, பாலிமர் கலந்த பசைதான் வேண்டும். மூட்டையில் டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15477 என்று போட்டிருக்கும், அதில் டைப் 3 வகை பார்த்து வாங்குவேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அவர் பசையைப் பற்றிக் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். பசையோடு சேர்த்து ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 2 கிலோ. 150 சதுர அடி என்றால் 300 கிலோ. இவ்வளவு பாரத்தையும் முகம் தெரியாத ஒரு கொத்தனார் என்றோ வைத்துப் போன சிமெண்டில் தொங்கவிடுகிறேன். அந்தக் காலத்தில் டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பின்பக்கம் நடுவில் ஒரு கை சிமெண்ட் கலவை அப்பி, சுவரில் வைத்து அழுத்துவார்கள். நிதானமான ஆள் என்றால் நாலு மூலைக்கும் கலவை பரவியிருக்கும். அவசரக்காரர் என்றால் மூலைகள் காலி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அதனால்தான் தட்டிப் பார்க்கிறோம். கரணைக் காம்பால் ஒவ்வொன்றாக, நாலு மூலையிலும் நடுவிலும் தட்டினேன். கெட்டியாக இருந்தால் 'டக்' என்று கேட்கும், காலி என்றால் 'டொக்கு'. ஹீட்டர் பக்கம் சிலது டொக்கு. அவற்றை எடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பூசி மட்டமாக்கினேன். குழாய்க்கு மேலே ஒன்று இரண்டிலும் சேராத சத்தம் கொடுத்தது. விட மனசு வரவில்லை, உளி வைத்தேன். லேசில் வரவில்லை. பின்பக்கம் முழுக்கக் கலவை, அப்படி ஒரு பிடிப்பு. பைப்புக்காக வெட்டிய காடியைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்ததால்தான் அந்தச் சத்தம். நான் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே சார் முனக ஆரம்பித்துவிட்டார். டீச்சர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த ஒன்று என்னை ரொம்பக் குழப்பிவிட்டது. கெட்டியானது காலி மாதிரிக் கேட்குமென்றால், காலியானது கெட்டி மாதிரிக் கேட்காதா? அப்படி எளிதில் நடக்காது என்று அனுபவம் சொல்கிறது. இருந்தாலும், அன்றைக்கு 'டக்' என்று கேட்டதை நம்பி விட்டுவைத்த டைல்ஸை இப்போதும் மனசுக்குள் தட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மற்றபடி செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்து கிடந்ததை ஆசிட் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசினேன். பசை பிடிக்க, சுவர் நெடுக பழைய டைல்ஸில் மிஷினால் கீறல் போட்டேன். தூசி வராது என்று சொல்லித்தான் இந்த முறையையே எடுத்தோம், கீறலுக்கும் தூசி உண்டு. சித்தாள் பக்கத்தில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்ததால் அது பெரும்பாலும் சேறாக வழிந்துவிட்டது. குழாய்களை முன்னால் நீட்ட எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டது, நிலையோரம் மட்டம் பார்த்தது எல்லாம் வழக்கமான வேலைதான்.

இப்போது எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுகிறேன்: பழைய டைல்ஸின் பிடிப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுதியது நியாயம்தான். அடுத்தவன் வைத்ததற்கு நான் எப்படி ஜவாப் சொல்வது? ஆனால் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்து 'இது தாங்கும்' என்று முடிவு செய்தது நான். கூலியில் பாதி அந்த முடிவுக்குத்தானே? டீச்சர் கேட்டது அதைத்தான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்படியானால் அந்தப் பொறுப்பும் எனக்குத்தான் வருகிறது. இதை யோசிக்கும்போது எஸ்டிமேட்டில் அந்த வரியை அடித்துவிடலாமா என்று தோன்றும். அடித்ததில்லை. ஒரு சுவர் பெயர்ந்து வந்தால் என் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

டீச்சர் வீட்டுச் சுவர் நன்றாகவே இருக்கிறது. சமீபத்தில் கிச்சன் வேலைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். "இதுக்கும் மேலேயே ஒட்டிரலாமா தம்பி?" என்றார். "இல்ல டீச்சர், உடைச்சிரலாம். சார் ரூமுக்கு இது தள்ளித்தான இருக்கு" என்றேன். ஒரு டைல்ஸைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சுவர் கெட்டியாகவே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் உடைக்கிற கூலியும் குப்பை அள்ளுகிற வண்டி வாடகையும் அவருக்கு வீண் செலவு. சரி என்று தலையாட்டிவிட்டார், இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.