டான்டேஸின் சிறையில் ஒரு காலை

முதல் நாள் படகு, பிரான்சின் மார்சே நகருக்கு எதிரே சிறைக்கோட்டை இருக்கும் இஃப் தீவில் நிற்கவே இல்லை. மிஸ்ட்ரல் காற்று பலமாக அடித்தால் அந்தப் பாறைத் துறையில் படகை அணைக்க முடியாதாம். பக்கத்து ஃப்ரியூல் தீவில் இறங்கி, கோட்டையைத் தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திரும்பினேன். மறுநாள் காற்று அடங்கிவிட்டது, மார்சேயின் பழைய துறைமுகத்தில் ஏறினால் 20 நிமிடம்தான்.

என்னை இங்கே இழுத்து வந்தது சினிமா. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா 1844 முதல் 1846 வரை பத்திரிகையில் தொடராக எழுதிய மான்டி கிறிஸ்டோ கதையில், எட்மண்ட் டான்டேஸ் செய்யாத குற்றத்துக்கு 14 வருடம் அடைபட்டுக் கிடப்பது இந்தக் கோட்டையில்தான். (டூமா நமக்கும் பழக்கமானவர்தான். ஜெமினி ஸ்டுடியோவின் 1949 'அபூர்வ சகோதரர்கள்' அவருடைய இன்னொரு கதை.)

இதே கதையைக் கெவின் ரெனால்ட்ஸ் எடுத்த 2002 படத்தைப் பார்த்துவிட்டு வந்ததால், நடுக்கடலில் நாதியற்று நிற்கும் ஒரு பாறையை எதிர்பார்த்தேன். அந்தப் படத்தில் கோட்டையாக வருவது மால்டாவின் கொமினோ தீவில் இருக்கும் ஒரு காவல் கோபுரம். இங்கே மேல்தளத்தில் நின்று திரும்பினால் மார்சே நகரமே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வீடுகளை எண்ணலாம் போல அவ்வளவு கிட்டத்தில். டான்டேஸின் காதலி மெர்சிடிஸ் இருக்கும் ஊர் இதோ இருக்கிறது, ஆனால் இவன் கிடப்பது நிலவறையில். இந்தக் கொடுமையை அந்தப் படம் தவறவிட்டுவிட்டது.

கீழே டான்டேஸின் அறை என்றே ஒன்றைக் காட்டுகிறார்கள், பக்கத்து அறைக்குப் போகும் பொந்து உட்பட. கற்பனை ஆளுக்கு நிஜச் சிறையில் அறை! சிரிப்பு வந்தாலும் குனிந்து எட்டிப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை, நானும்தான். காசுள்ள கைதிகளுக்கு மாடியில் ஜன்னலும் வெளிச்சமும் உள்ள அறைகள் கிடைத்தனவாம். அது கற்பனை இல்லை.

அந்தப் பொந்து வழியாகத்தான் நாவலில் பாதிரியார் ஃபரியா வருகிறார். கடல் பக்கம் போகும் என்று வருடக்கணக்கில் தோண்டி, கணக்குத் தப்பி, இன்னொரு கைதியின் அறையில் வந்து தலையை நீட்டும் கிழவர். டான்டேஸுக்கு மொழிகளும் கணிதமும் கற்றுக்கொடுத்து, அவனைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் என்பதை உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துக் கண்டுபிடிக்கிறார். எனக்கு முழு நாவலிலும் அதுதான் உச்சம். 2002 படமோ ரிச்சர்ட் ஹாரிஸை வைத்து அவரை வாள்சண்டை வாத்தியாராகவும் ஆக்கிவிட்டது. அதோடு மெர்சிடிஸின் மகனை டான்டேஸின் மகனாக மாற்றி, குடும்பத்தைச் சேர்த்து வைத்து, சுபம். 2024இல் பியர் நினே நடித்த பிரெஞ்சுப் படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடினாலும் பழிவாங்கியவனை வெறுமையோடு அனுப்புகிறது, எனக்கு அதுதான் பிடித்தது.

நிஜத்தில் ஃபரியா என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1756இல் கோவாவின் காண்டோலிமில் பிறந்து, பாரிஸில் ஹிப்னாடிச வித்தை காட்டிப் பேர் வாங்கியவர். டூமா பெயரை எடுத்துக்கொண்டு ஆளை இத்தாலியராக்கிவிட்டார். நான் பார்த்த படங்கள் எதிலும் அவர் இந்தியராக வரவில்லை. பணஜியில், ஒரு பெண்ணின் மேல் கைகளை நீட்டியபடி நிற்கும் அவருடைய சிலையை இரண்டு முறை கடந்து போயிருக்கிறேன். யாரோ மந்திரவாதி என்று நினைத்து, போட்டோ கூட எடுக்கவில்லை.