என் விடைத்தாள் என் கைக்கு வந்த கதை

2024 ஜூலையில் கடைசி செமஸ்டர் முடிவு வந்தது. பி.எஸ்சி. கணிதம், அரசுக் கல்லூரி. மற்ற எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸில் மட்டும் 75-க்கு 26. தேர்ச்சிக்கு 30 வேண்டும். நான் மிகவும் விரும்பிப் படித்த தாள் அதுதான். தேர்வு முடிந்த அன்று வீட்டுக்கு வந்து ஒவ்வொரு விடையையும் சரிபார்த்திருந்தேன். 50-க்குக் குறையாது என்று நம்பியிருந்தேன்.

எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வரை வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். "சரி விடும்மா, திரும்ப எழுதிக்கலாம்" என்றார். ஆனால் அடுத்த தேர்வு நவம்பரில்தான். எம்.எஸ்சி. சேர்க்கையோ ஆகஸ்டோடு முடிந்துவிடும். ஒரு தாளுக்காக ஒரு வருடம் போகும்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கடைசித் தேதி முந்தைய நாளே முடிந்திருந்தது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை அறிவிப்புப் பலகைக்கு வந்ததே கடைசித் தேதிக்கு முதல் நாள்தான். நாங்கள் எல்லோரும் படிப்பு முடிந்து ஊரில் இருந்தோம். அந்தப் பலகையை யார் போய்ப் பார்ப்பார்கள்?

வழி சொன்னவர் எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர். "முதல்ல உன் பேப்பரை நீ பாரும்மா. அதுக்கு யாரும் தேதி சொல்ல முடியாது" என்றார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கு. மூன்று வருடம் தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வெள்ளைத்தாளில் மனு எழுதினேன். பெறுநர், பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலர். பதிவெண், தாளின் பெயர், குறியீடு, தேர்வு நடந்த மாதம், "மதிப்பிடப்பட்ட எனது விடைத்தாளின் முழு நகல் வேண்டும்" என்ற ஒரே கோரிக்கை. ஏன் கேட்கிறோம் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பல்கலைக்கழகத்தின் சொந்த முறையில் நகல் வாங்க நூற்றுக்கணக்கில் கட்டணம் இருக்கும். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் என்று கம்பெனி செக்ரட்டரி படிப்புத் தொடர்பான வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. "விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டதால் வழங்க இயலாது." இரண்டே வரி. அன்று இரவு அழுதேன். எம்.எஸ்சி. சேர்க்கையும் அதே வாரத்தில் முடிந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் பிரிவு 19(1)-இன்படி அதே நிறுவனத்தில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. 2011 தீர்ப்பைக் குறிப்பிட்டேன். ஒரு நிறுவனத்தின் விதி இந்தச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் சட்டமே மேலோங்கும் என்கிற பிரிவு 22-ஐயும் எழுதினேன். ஒன்றை மறக்கக் கூடாது: விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலத்துக்குள் கேட்டால்தான் இந்த உரிமை. அழித்துவிட்டால் கேட்டுப் பயனில்லை. அதனால் மனுவிலேயே "இம்மனு முடிவாகும்வரை விடைத்தாளை அழிக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் நகல் தரும்படி உத்தரவு வந்தது. 36 பக்கம், 72 ரூபாய். அக்டோபரில் பல்கலைக்கழகக் கவுன்ட்டரில் பணம் கட்டி, அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பிரித்தேன். மதிப்பிட்டவரின் பெயரும் கையெழுத்தும் மறைக்கப்பட்டிருந்தன. அது சட்டப்படி சரிதான், அவர் யாரென்று எனக்கும் தெரிய வேண்டியதில்லை. கான்டூர் இன்டெக்ரேஷன் கணக்கு, பத்து மதிப்பெண் கேள்வி, இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பக்கங்களில் சிவப்பு மையே படவில்லை. முகப்பில் அந்தக் கேள்விக்கான கட்டம் காலி. மற்ற விடைகளிலும் எனக்குக் குறை உண்டு, ஆனால் அவை வாதம் செய்யக்கூடியவை. இது அப்படியில்லை.

மதிப்பிட்டவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மதிப்பீட்டு முகாமில் ஒருவர் முன் ஒரு நாளில் எவ்வளவு கட்டு வைக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் துறையில் பாடம் எடுத்தவர்களில் பாதிக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்கள். அப்போது அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-ல் இவர்களுக்குச் சொன்ன மாத உச்சவரம்பு 50,000. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல், இருப்பவர்களையே வைத்துப் பாடத்தையும் முகாமையும் ஓட்டினால் பக்கம் விடுபடத்தான் செய்யும். கல்வித் தரம் என்று பேசும்போது நாங்கள் பார்ப்பது இதைத்தான்.

நகல் கிடைத்தாலும் மதிப்பெண் தானாக மாறாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தனியாக மனு கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் இருந்த அம்மா ஒருவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், பார்க்காம விட்டிருக்காங்களே" என்றார். ஆனால் காலக்கெடு முடிந்த பிறகு மதிப்பெண்ணைத் திருத்த, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் ஒப்புதல் வேண்டுமாம். துணைவேந்தர் பதவி காலியாக இருந்தது. கன்வீனர் கமிட்டிதான் நிர்வாகம். அந்தக் கூட்டம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

துணைவேந்தரை யார் நியமிப்பது, தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி இருக்க வேண்டுமா என்று ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறி எனக்கு அதுவரை செய்தித்தாள் விஷயம். அன்றுதான் அது என் கோப்பு காத்திருக்கும் அறை என்று புரிந்தது. ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, மே 21-ல் அவற்றில் துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரு தரப்பும் பல்கலைக்கழகத்தின் நலன் என்றே பேசுகிறார்கள். அந்த நலனில் எங்களைப் போன்றவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் கல்லூரியில் நான் படித்த மூன்று வருடமும் மாணவர் பேரவைத் தேர்தல் நடக்கவில்லை. மாணவர் தேர்தல்களைப் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஏற்றது. கல்வியாண்டு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தல் என்று அதில் இருக்கிறது. ஒரு பேரவை இருந்திருந்தால் அந்தச் சுற்றறிக்கை தாமதமாக வந்ததை அன்றே கேட்டிருக்க முடியும்.

நவம்பரில் பயத்தில் கட்டணம் கட்டி மறுபடியும் அந்தத் தாளை எழுதினேன். ஆனாலும் மனுவைத் திரும்பப் பெறவில்லை. முதல் முயற்சியிலேயே தேர்ச்சி என்பது சான்றிதழில் இருக்க வேண்டும், நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். 2025 ஜனவரியில் கடிதம் வந்தது. விடுபட்ட விடைக்கு 8. மொத்தம் 34. அப்பா கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்த எழுத்துகளை மட்டும் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

இப்போது எம்.எஸ்சி. படிக்கிறேன். மனுவின் மாதிரியை எங்கள் கல்லூரி ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறேன், இதுவரை நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். நானும் இன்னொரு மனு அனுப்பினேன். கடந்த ஐந்து தேர்வுகளில் எத்தனை பேர் மறுமதிப்பீடு கேட்டார்கள், எத்தனை பேருக்கு மதிப்பெண் மாறியது, அதற்காக வசூலான தொகை எவ்வளவு என்ற மூன்றே கேள்விகள். அது போய் இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.