விரலை வை பாப்பம்

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு செயலாளர் வட்சப்பில விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிக் மட்சைப் பற்றியும் கன்ரீன் ரோல்ஸைப் பற்றியும் எப்பிடியும் நாலு பேர் எழுதுவினம், நான் எங்கட இங்கிலிஷ் சேரின்ர கொம்பிரிஹென்சன் பாடத்தைப் பற்றி எழுதுறன்.

தொண்ணூறுகளின்ர தொடக்கம், யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால பேப்பருக்கும் தட்டுப்பாடு, ஓ.எல் சோதினையின்ர பழைய பேப்பர் ஒண்டு ஆரிட்டையாவது அம்பிட்டா அது வகுப்பு முழுக்கச் சுத்தும். சேர் பந்தி முழுவதையும் கரும்பலகையில எழுதி வரிக்கு வரி நம்பரும் போடுவார். பதிலைச் சொன்னாப் போதாது, எழும்பிப் போய் அது பந்தியில எங்க கிடக்கு எண்டு விரலை வைக்கவேணும், விரலில சோக்கு ஒட்டாட்டிப் புள்ளி இல்லை. ஏழாம் வரியில வாற 'தே' (they) ஆரைக் குறிக்குது எண்டு கேட்டா ஏழில ஒரு விரல், அஞ்சாம் வரியில தோட்டக்காரரில மற்ற விரல். 'வை' (why) எண்டு தொடங்கிற கேள்விக்கு 'பிகோஸ்' கிடக்கிற வரியைப் பாத்து எழுதுறது எல்லாப் பெடியளுக்கும் தெரிஞ்ச வித்தை, மனுசன் வேணுமெண்டே 'பிகோஸ்' இல்லாத பந்தியா எழுதுவார்.

தேயிலைப் பந்தி ஒண்டு நல்லா ஞாபகம். 1824இல சீனாவில இருந்து பேராதனைப் பூங்காவுக்குத் தேயிலைக் கண்டு வந்தது, 1867இல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில 19 ஏக்கரில நட்டது, 1869இல கோப்பிக்கு நோய் பிடிச்சது, இவ்வளவுதான் சங்கதி. ட்ரூ ஓர் ஃபோல்ஸ். சிலோனுக்கு முதல் தேயிலைக் கண்டு கொண்டந்தது டெய்லரோ எண்டதுக்கு வகுப்பே ட்ரூ எண்டு கத்த, சேர் 1824ஐப் பிரம்பால தட்டினார். அடுத்தது, லிப்டன் இலங்கையில தோட்டம் வாங்கினவரோ? பின்வாங்கில ஒருத்தன் எழும்பி, "ஓம் சேர், 1890இல வந்து வாங்கினவர், எனக்குத் தெரியும்" எண்டான். கெட்டிக்காரன், அவன் சொன்னது சரியும்தான்.

"விரலை வை பாப்பம்."

மேலயும் கீழயும் தேடினான், வைக்க இடமில்லை.

"அது உன்ர மண்டைக்குள்ள கிடக்கு, போர்டில இல்லை, இரு."

அப்ப எங்களுக்கு இது சுத்த அநியாயமாத்தான் பட்டது, ட்ரூவும் இல்லை ஃபோல்ஸும் இல்லையெண்டா என்னத்தை எழுதுறது?

இப்ப அக்கான்ர மகன் கனடா பி.ஆருக்கு, அதுதான் நிரந்தர வதிவிடத்துக்கு, ஐயெல்ட்ஸ் எண்ட இங்கிலிஷ் சோதினைக்குப் படிக்கிறான், சி.எல்.பி எண்ட கனடா மொழி அளவுகோலில 9 வேணுமெண்டா ரீடிங்கில 7 எடுக்கவேணும். இரவிரவா போன் எடுத்து "மாமா, இந்த நொட் கிவன்தான் கொல்லுது" எண்டு அழுவான். ட்ரூ, ஃபோல்ஸோட மூண்டாவதா வாற விடை அது, பந்தியில சொல்லேல்லை எண்டு அர்த்தம். அவனுக்கு அந்தத் தேயிலைப் பந்தியைத்தான் அனுப்பினன். டெய்லர் கண்டு கொண்டந்தது ஃபோல்ஸ், ஏனெண்டா அதை மறுக்கிற வரியில விரல் நிக்குது. லிப்டன் நொட் கிவன், ஏனெண்டா ஓமெண்டு சொல்லவும் வரி இல்லை, இல்லையெண்டு சொல்லவும் வரி இல்லை. எங்கட ஆக்களுக்குத் தேயிலையைப் பற்றித் தெரிஞ்சது கூடிப்போச்சு, அதுதான் சிக்கல், தெரியாத நாட்டைப் பற்றின பந்தியில பெடியன் பிழையே விடுறதில்லை.

பந்திக்குத் தலைப்புப் பொருத்திற கேள்விக்கு மட்டும் இந்த விரல் வித்தை சரிவராது. தலைப்பில கிடக்கிற அதே சொல்லைப் பந்தியிலயும் போட்டு ஆளை ஏமாத்துவாங்கள், அங்க பந்தி முழுக்க என்ன சொல்லுது எண்டு பாக்கவேணும். என்னைக் கேட்டா அதைக் கடைசிக்கு விடுறது நல்லம், மற்றக் கேள்வியளுக்குத் தேடித்தேடிப் பந்தி அதுக்குள்ள பழகிப்போயிருக்கும். 'ரெண்டு சொல்லுக்கு மேல எழுதாதே' எண்டா மூண்டாவது சொல் சரியான சொல்லா இருந்தாலும் பிழைதான். ரீடிங்கில 60 நிமிசத்தில 40 கேள்வி, பேப்பரில எழுதுற ஆக்களுக்கு லிசினிங்குக்குக் குடுக்கிற மாதிரி விடையை மாத்தி எழுதத் தனி நேரமும் இல்லை, பிழைக்குப் புள்ளி வெட்டுறேல்லை எண்டபடியா ஒண்டையும் வெறுமையா விடக்கூடாது.

சேரின்ர பந்தியள் எல்லாத்தையும் நாங்கள் கொப்பியில பாத்து எழுதினனாங்கள். என்ர கொப்பி 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோட போட்டுது. ஆரிட்டையாவது தப்பிக் கிடந்தா போட்டோ எடுத்துக் குறூப்பில போடுங்கோ, மருமகனுக்கு அடுத்த மாதம் சோதினை.